இரண்டாவது பிரேக்

என் அம்மா பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே சம்பாதிப்பவள். கிண்டல் இல்லை, தொழிலே அதுதான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கற்றுக்கொள்கிறவர் வலது பக்கம், அம்மா இடது பக்கம். ஸ்டியரிங் அவர்களிடம், இரண்டு பேருடைய உயிரும் இவளிடம். இவள் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் பயத்தில் எதை மிதிப்பது என்று தெரியாமல் முழித்தால், அம்மா இருந்த இடத்திலிருந்தே வண்டியை நிறுத்திவிடலாம்.

ஆனால் அவள் அதை மிதிக்க மாட்டாள். அதுதான் அவளுடைய கெத்து. வண்டி சாக்கடைப் பக்கம் சாய்ந்தாலும் சரி, எதிரே லாரி வந்தாலும் சரி, வலது கையை நீட்டி ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தை ஒரு விரலால் தொடுவாள். வண்டி நல்ல பிள்ளையாகத் திரும்பிக்கொள்ளும். "பிரேக் போட்டா அவங்களுக்குப் பயம்தான் வரும். விரல் வெச்சா புத்தி வரும்" என்பாள். மற்ற பள்ளிகளின் வாத்தியார்கள் மூச்சுக்கு முந்நூறு தடவை பிரேக் போடுகிறவர்கள். அவர்களுக்கு அம்மா வைத்த பெயர் தையல் மிஷின். மிதியிலிருந்து காலை எடுக்கவே மாட்டார்களாம்.

அவளைச் சோதிப்பதற்காகவே நான் ஒரு ரப்பர் பல்லி வைத்திருந்தேன். காலையில் அவள் கிளம்புவதற்கு முன் காரின் நடுக் கண்ணாடியில் ஒட்டிவிடுவேன். படிக்க வந்தவர்கள் அலறுவார்கள். அம்மா பேச்சைக்கூட நிறுத்தாமல், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், வலது கையால் ஒரு தட்டுத் தட்டிப் பின் சீட்டில் விழவைப்பாள். சாயங்காலம் பல்லி என் தலையணைக்கு அடியில் இருக்கும்.

போன வருஷத் தொடக்கத்தில் அம்மா சீட் பெல்ட்டைத் திட்ட ஆரம்பித்தாள். இடது தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்கே வலது இடுப்புக்கு இறங்குகிற பெல்ட் அது. வலது மார்பின் கீழ் ஓரத்தில் அழுத்துகிறது, வலிக்கிறது என்றாள். நாள் முழுக்க அதே பெல்ட், அதே இடம். வலிக்காமல் என்ன செய்யும்? கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் ஸ்பேனருக்குக் கட்டுப்படாதது எதுவும் இல்லை என்று நம்புகிற ஆள். பெல்ட்டின் மேல் கொக்கியை இறக்கி மாட்டினார். அப்புறம் ஏற்றி மாட்டினார். மெத்தென்று ஒரு துணி உறை தைத்து வாங்கி வந்து போட்டார். ஊரிலேயே சொகுசான சீட் பெல்ட் எங்கள் காரில்தான் இருந்தது. வலி மட்டும் போகவில்லை.

ஒரு நாள் கியர்பாக்ஸ் போய் வண்டி பட்டறையில் நின்றது. அம்மா பெல்ட்டே போடாமல் வீட்டில் இருந்தாள். அந்த வாரக் கடைசியில் குளித்துவிட்டு வந்தவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். ஈரத் துண்டு தோளில், வலது பக்கம் விரல்கள்.

"என்னங்க," என்றாள் அப்பாவிடம். "பெல்ட் போடவே இல்லையே. இன்னும் இங்க இருக்கே."

அப்பா கையில் ஸ்பேனர் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் சொருகப் பார்த்தார்.

அதற்கப்புறம் எல்லாம் சடசடவென்று நடந்தது. ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். முடிவு வந்தது. எங்கள் வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாதுதான். ஆனாலும் 'அது' என்றே பேசினோம். அது பெரிதாக இருக்கிறதாம். அது அக்குள் வரைக்கும் போயிருக்கலாமாம்.

ஆபரேஷன் அன்று நானும் அப்பாவும் வெளியே பெஞ்சில் இருந்தோம். எதிரே லிஃப்ட். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை அது இறங்கும்போதும், "பேரிங் போயிருக்கு, சத்தம் கேக்குதா? பேரிங் போயிருக்கு" என்றார். நானும் கேக்குது கேக்குது என்றேன். எனக்கு என் காதுக்குள் அடித்த சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்தார். வார்த்தைகளைக் கடனாக வாங்கிப் பேசுகிறவர் மாதிரி சிக்கனமாகப் பேசுவார்.

"மார்பை முழுசா எடுக்க வேண்டியதாச்சு. அக்குள்ல இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துட்டோம். எடுத்த சதையோட ஓரம் சுத்தமா இருக்கான்னு லேப் சொல்லணும். அதுவரைக்கும் நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

"பொழைச்சிடுவாங்களா?" என்று அப்பா கேட்டார்.

"முழிச்சிருக்காங்க. வண்டிச் சாவி எங்கன்னு கேட்டாங்க."

அம்மாவின் நெஞ்சுப் பக்கத்திலிருந்து ஒரு குழாய் கிளம்பி, ஒரு குடுவையில் முடிந்தது. உள்ளே சேர்கிற நீரை வெளியே இழுக்க. அம்மா அதைத் துணிப்பைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். "ரேடியேட்டர் ஒழுகுதுடி, யாருக்கும் சொல்லாதே" என்றாள். நான் சிரித்தேன். அவளுக்காகத்தான்.

லேப் முடிவு வந்தது. ஓரம் சுத்தம். ஆனால் நெறிக்கட்டிகள் சிலவற்றில் அது இருந்தது. அதனால் மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, கதிர் வைத்தார்கள், தோல் கறுத்தது. அம்மா எல்லாவற்றையும் வாயை மூடிக்கொண்டு தாங்கினாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அதுதான் பயமாக இருந்தது. கடைசியாக டாக்டரம்மா, "வேலைக்குப் போகலாம். ஆனா கைப் பயிற்சியை விடாதீங்க. வலது கை வீங்கினா, சிவந்தா, அன்னிக்கே வாங்க" என்றார். அம்மா சரி சரி என்று தலையாட்டினாள். கண்ணாடியைப் பார்க்கச் சொன்னால் மாணவர்கள் ஆட்டுவார்களே, அதே தலையாட்டல்.

மறுபடியும் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பழைய மாணவர்கள் வந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் பேங்க் மாமா. வங்கியில் ஓய்வு பெற்றவர். சொந்த மாமா இல்லை. டெஸ்டில் தோற்றுத் தோற்று, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நாட்களிலும் வேறு பள்ளிக்குப் போகாமல் காத்திருந்த ஒரே ஜீவன். கியரை மாற்றுவதற்கு முன் கியரிடம் அனுமதி கேட்பார்.

அவர்தான் ஒரு நாள் நான் வேலை பார்க்கிற செல்ஃபோன் ரிப்பேர் கடைக்கு வந்து, உடையாத கண்ணாடியை மாற்றச் சொல்லிக்கொண்டு நின்றார்.

"பாப்பா, உங்கம்மாவுக்கு என் மேல கோவமா?"

"ஏன் மாமா?"

"பிரேக்கா போடறாங்கம்மா. வளைவு வந்தா பிரேக்கு. நாய் வந்தா பிரேக்கு. நேத்து ஒரு காக்கா பறந்துச்சு, அதுக்கும் பிரேக்கு. என் டிரைவிங் அவ்வளவு மோசமாயிடுச்சா?"

"இன்னும் மோசமாக அதுல இடம் ஏது மாமா?"

அவர் சிரிக்கவில்லை. "அவங்க பிரேக் போடற ஆளே இல்லையேம்மா" என்றார்.

மாமாவுக்கு ஓட்டத் தெரியாதே தவிர, பார்க்கத் தெரியும்.

மறுநாள் காலை பல்லியை எடுத்துக் காரின் நடுக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, கடை வரைக்கும் வருகிறேன் என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். மாமா ஓட்டினார். அம்மா பல்லியைப் பார்த்தாள். வலது கை மடியிலேயே கிடந்தது. சீட்டில் உடம்பையே திருப்பி, இடது கையைக் குறுக்கே கொண்டுபோய், பல்லியைப் பிய்த்து எடுத்தாள். அந்தக் கையில் அவளுடைய மோதிரம் இருந்தது. அது எப்போதும் வலது கையில்தான் இருக்கும். வெயில் கொளுத்துகிற நாளில் முழுக்கைச் சட்டை வேறு.

சாயங்காலம் டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கும்போது சட்டையின் வலது கையில் கொட்டினேன். ஆறின டீதான், வேண்டுமென்றேதான்.

"எருமை! கண்ணு எங்க வெச்சிருக்கே?" என்று எழுந்து உள்ளே போனாள். பின்னாலேயே போய்க் கதவைத் தள்ளினேன்.

வலது கை என் அம்மாவுடையது மாதிரி இல்லை. தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தலையணை உறைக்குள் பஞ்சை அமுக்கி வைத்த மாதிரி இருந்தது. சட்டையின் தையல் பட்ட இடம் கோடாகப் பதிந்திருந்தது. முழங்கையின் குழி காணாமல் போயிருந்தது.

அம்மா துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"பாத்துட்டே இல்ல? வாயை மூடிட்டுப் போ."

"எப்பத்திலேருந்து?"

"கொஞ்ச நாளா."

"வீங்கினா அன்னிக்கே வரச் சொன்னாங்க இல்ல?"

"போனா என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும்டி. அக்குள்லதானே இருந்துச்சு? அங்கதான் திரும்ப வந்திருக்கு. கையைத் தூக்கினா உள்ள நூல் மாதிரி இழுக்குது. தூக்கவே முடியல." கட்டிலில் உட்கார்ந்தாள். "இன்னொரு தடவை அந்த மேசைல ஏற மாட்டேன். குழாய், ஊசி, வாந்தி... முடியாது. உங்கப்பாகிட்ட சொன்னே, தொலைச்சிடுவேன்."

"அப்ப என்னதான் பண்றதா உத்தேசம்?"

"மாமாவை லைசன்ஸ் வாங்க வெச்சிடறேன். அப்புறம் பாக்கலாம்."

"மாமா லைசன்ஸ் வாங்கற வரைக்கும்னா, நீ சாகவே மாட்டே."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி அப்பாவிடம் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். சொன்னால் சண்டை வரும். சண்டை வந்தால் அம்மா கல்லாகிவிடுவாள். அவளை எங்கேயும் யாரும் இழுத்துக்கொண்டு போக முடியாது. அவள் தானாக ஏறுகிற ஒரே இடம் அந்தக் காரின் பக்கத்து சீட்.

எனக்குப் பதினெட்டு முடிந்து கத்துக்குட்டி லைசன்ஸ் வாங்கியிருந்தேன். காலையில், "பாலம் ஏறிப் பழகணும், வாம்மா" என்றேன். ரொம்ப நாளாக அவளே கூப்பிட்டு நான் டிமிக்கி கொடுத்த விஷயம். சந்தேகமாகப் பார்த்தாள். ஆனால் வந்தாள்.

பாலத்தில் ஒழுங்காக ஏறினேன், ஒழுங்காக இறங்கினேன். கீழே சாலை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் நாங்கள் பழகுகிற மைதானம். வலது பக்கம் ஆஸ்பத்திரி.

"லெஃப்ட் இண்டிகேட்டர் போடு," என்றாள்.

ரைட் போட்டேன்.

"லெஃப்ட்டுனு சொன்னேன்."

"கேட்டுச்சு."

வண்டி வலது பக்கம் திரும்பியது. அவள் கால் நகர்ந்து மிதிக்கு மேலே வந்து நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவள் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். எனக்கு இருப்பது ஸ்டியரிங் மட்டும்தான். சிக்னலைத் தாண்டினேன். மருந்துக் கடைகளைத் தாண்டினேன். என் உள்ளங்கை வியர்வையில் ஸ்டியரிங் வழுக்கியது. ஒரு பஸ் உரசுகிற மாதிரி போனது. அப்போதுகூட அவள் மிதிக்கவில்லை. போய்விடுவோம் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி கேட்டுக்குள் முன்சக்கரம் திரும்பும்போது மிதித்தாள்.

வண்டி குலுங்கி நின்றது, பாதி உள்ளே, பாதி ரோட்டில். எங்கள் காரில் இரண்டு பிரேக்கையும் ஒரு கம்பி சேர்த்திருக்கும். அவள் மிதித்தால் என் காலடியில் இருப்பதும் தானாகக் கீழே போகும். என் பாதத்துக்கு அடியில் அது தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது.

பின்னால் ஹாரன் கத்த ஆரம்பித்தது. ஒரு பைக்காரர் ஜன்னலுக்குள் தலையை விட்டு, "வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?" என்றார். காவலாளி விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தார். "எடும்மா, வண்டிய எடும்மா!"

"காலை எடும்மா," என்றேன் நான்.

"மாட்டேன். ரிவர்ஸ் போடு."

"போட மாட்டேன்."

"எனக்கே டிமிக்கியா? யாருகிட்ட கத்துக்கிட்டே இதெல்லாம்?"

"உன்கிட்டதான். பிரேக் போட்டா பயம்தான் வரும்னு நீதானே சொன்னே?"

அவள் நேரே பார்த்தபடி இருந்தாள்.

"பயமாத்தான்டி இருக்கு," என்றாள்.

என் அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. ஊசி போட்டபோதும் இல்லை, முடி கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தபோதும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வம்பு பண்ண மட்டும்தான்.

"எனக்கும்தான்," என்றேன். மூக்கு ஒழுகியது. துடைக்கக் கை இல்லை. இரண்டும் ஸ்டியரிங்கில் இருந்தன, அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

காவலாளி முன் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் பாதத்துக்கு அடியில் மிதி மெல்ல மேலே எழுந்தது.

"முதல் கியர்," என்றாள் அம்மா. "க்ளட்ச்சை மெதுவா விடு. எப்பப் பாரு தவளை மாதிரி குதிக்க வைக்கறே."

டாக்டரம்மா கையை விரலால் அழுத்தினார். அழுத்திய இடத்தில் விழுந்த குழி அப்படியே நின்றது. அவர் முகத்தில் நான் எதையோ தேடினேன்; அந்த முகத்தில் ஒன்றும் கிடைக்காது என்று எனக்கு முன்பே தெரியும். அக்குளில் பசையைத் தடவிக் கருவியை ஓட்டிப் பார்த்தார்கள். அப்புறம் உடம்பு முழுக்க ஸ்கேன். முடிவு சாயங்காலம் என்றார்கள். அப்பாவுக்கு ஃபோன் பண்ணினேன். கையில் கிரீஸோடு ஓடி வந்தார். "ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்று என்னைக் கேட்டார். அம்மாவை ஒன்றும் கேட்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வீங்காத கையைப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட் வந்து போனது. பேரிங்கைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அதுதான் என்னைக் கலங்கடித்தது.

கூப்பிட்டார்கள். மூவரும் உள்ளே போனோம். டாக்டரம்மா வழக்கம் போலப் பீடிகை எதுவும் போடவில்லை.

"திரும்பி வரல. அக்குள், நெஞ்சு, ஈரல் எல்லாம் பாத்தாச்சு. இன்னிக்கு எதுவும் இல்ல."

அம்மாவுக்கு அது காதில் ஏறவே இல்லை. "அப்ப இந்தக் கை?"

"நெறிக்கட்டியை எடுத்துட்டா, கையில ஊறுற நீர் வடியற வழி குறைஞ்சு போகும். ரோட்டை மூடினா வண்டிங்க தேங்கி நிக்கும் இல்ல, அப்படி. சில பேருக்கு வரும். தோள் இறுகினது வேற. பயிற்சி பண்ணவே இல்லையா?"

"தூக்கினா உள்ள இழுத்துச்சு. தையல் பிரிஞ்சிடும்னு..."

"தையல் பிரிஞ்சா நான் திரும்பப் போட்டிருப்பேன். தோள் இறுகினா நான் ஒண்ணும் பண்ண முடியாது. நீங்கதான் பண்ணணும்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னிக்கு நோயைப் பெல்ட்டுனு நினைச்சேன். இன்னிக்கு வீக்கத்தை நோயின்னு நினைச்சேன். எனக்கு ஒண்ணும் தெரியல டாக்டர்."

"தெரிஞ்சுக்கறது எங்க வேலை. நீங்க வந்தா போதும்." எழுதிக்கொண்டே சொன்னார்: "வீக்கம் முழுசாப் போகும்னு சொல்ல மாட்டேன். அடக்கி வைக்கலாம். நோயையும் அப்படித்தான். வரவே வராதுன்னு நான் ஜோசியம் சொல்ல மாட்டேன். சொன்ன தேதிக்கெல்லாம் வரணும். உங்களை யார் கூட்டிட்டு வந்தா?"

"இவதான். கடத்திட்டு வந்தா."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "அப்பப்போ கடத்திட்டு வா" என்றார். அவருடைய சிக்கனத்துக்கு அது பெரிய செலவு.

கையை இறுக்கிப் பிடிக்கிற ஒரு உறை கொடுத்தார்கள். முதலில் பட்டை சுற்றி வீக்கத்தை வடித்து, அப்புறம் அதை மாட்டினார்கள். அப்பா வீட்டுக்கு வந்ததும் பழைய லிஃப்ட் சாமான்களைக் கிளறி, ஒரு சின்னக் கப்பியை எடுத்துக் கதவு நிலையில் மாட்டிக் கயிறு விட்டார். ஒரு முனையை நல்ல கையால் இழுத்தால் மறுமுனையில் இறுகின கை மேலே போகும். ஆஸ்பத்திரியில் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து செய்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய ஸ்பேனர் சரியான நோயைப் பிடித்தது.

இன்னொரு பயிற்சி, சுவரில் விரல்களால் ஏறுவது. அம்மா இரண்டு நாளில் சலித்துப் போனாள். மூன்றாவது நாள் சுவரில் அவள் விரல் எட்டுகிற இடத்துக்கு இரண்டு விரல் மேலே பல்லி உட்கார்ந்திருந்தது. "இது யாரு வேலை?" என்று கத்தினாள். நான் கடைக்குக் கிளம்பிவிட்டேன். சாயங்காலம் வந்தபோது பல்லி தரையில் கிடந்தது. மறுநாள் கொஞ்சம் மேலே ஒட்டினேன். அதை அடித்து விழவைக்க அவளுக்குச் சில நாள் ஆனது. பல்லைக் கடித்து, கண்ணில் நீர் வந்து, என் பரம்பரையையே திட்டித் தீர்த்தாள். அவளுடைய பரம்பரையும் அதுதான் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

மாமா இன்னும் லைசன்ஸ் வாங்கவில்லை. அவசரமும் காட்டவில்லை.

நேற்று சோதனைக்குச் சொன்ன தேதி. நான் ஓட்டினேன். அம்மா பக்கத்து சீட்டில், கையில் உறையோடு. பாலத்தில் ஏறும்போது இருவரும் பேசினோம், இறங்கும்போது பேச்சு நின்றுவிட்டது. வலது பக்கம் திரும்பியதும் கேட் தெரிந்தது. அங்கே காவலாளி, அதே விசில். அன்றைக்கு நின்ற இடம் இதுதான் என்று நினைத்தேன். நினைத்ததில் வண்டி கேட் தூணின் பக்கம் சாய்ந்தது எனக்குத் தெரியவில்லை.

என் காலடியில் மிதி இறங்கவே இல்லை.

உறை போட்ட கை ஒன்று என் முன்னால் நீண்டது. நடுங்கிக்கொண்டேதான் வந்தது. ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் ஒரு விரல் பட்டது. தூண் விலகிப் போனது.

"ரோட்டைப் பாருடி," என்றாள் அம்மா. விரலை எடுக்கவில்லை.

உள்ளே போனோம்.